அக்கா 23, நான் 21

2022 கத்தார் உலகக் கோப்பைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு கணிப்புப் போட்டி வைத்தோம். குழுச் சுற்றில் 48 ஆட்டங்கள். வெற்றி, தோல்வி, டிரா என மூன்றே முடிவுகள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே சராசரியாக 16 சரியாக வரும். சரி, அதைத் தாண்டினால்தான் கெத்து.

மூன்றாம் நாளே அர்ஜென்டினாவை சவுதி 2-1 என்று கவிழ்த்தது. மறுநாள் ஜெர்மனிக்கு ஜப்பான் அதே கணக்கில் ஆப்பு வைத்தது. ராத்திரியெல்லாம் புள்ளிவிவரம் படித்த நான் இரண்டிலும் அவுட்.

பெல்ஜியத்தை மொராக்கோ ஜெயிக்கும் என்று எழுதியது அக்கவுண்ட்ஸ் அக்கா மட்டும்தான். கொடியில் அந்தப் பச்சை நட்சத்திரம் அழகாக இருந்ததாம்!

கடைசியில் எனக்கு 21, அக்காவுக்கு 23. 2010 உலகக் கோப்பையில் எட்டு ஆட்டங்களுக்கு எட்டையும் சரியாகக் கணித்த ‘பால்’ (Paul) என்ற ஆக்டோபஸுக்குக்கூட அணிக்கு ஒன்றாக இரண்டே பெட்டிதான், டிரா என்ற வம்பே கிடையாது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.