யமசாகியின் மின்தூக்கிகளும் எங்கள் லயத்துக் கூரையும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் புதிய வீட்டுத் திட்டம் எதுவானாலும், பழுதானால் திருத்துவது யார் பொறுப்பு என்பதையே நான் முதலில் கேட்பேன். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் மினோரு யமசாகியின் கட்டடங்களைப் பற்றி வாசித்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு இன்னும் அவசரமானதாகத் தோன்றுகிறது.

1912இல் சியாட்டிலில் ஜப்பானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்த அவர், அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்துக்கொண்டே படித்தவர். செயின்ட் லூயிஸ் நகரில் சேரியொன்றை இடித்த நிலத்தில், 1950களின் நடுப்பகுதியில், அவரது வடிவமைப்பில் புரூட்-ஐகோ குடியிருப்பு எழுந்தது: பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். உயரம் குறைந்த வீடுகளையும் கலந்து கட்டலாம் என்ற அவரது யோசனையை அதிகாரிகள் செலவைக் காட்டி மறுத்துவிட்டனர். சிக்கனத்துக்காக மின்தூக்கி மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நின்றது. இடைமாடிக்காரர்கள் கைக்குழந்தையோடும் சாமான் பையோடும் ஏறி இறங்கிய படிக்கட்டுகளே பிறகு வழிப்பறிக்காரர்களின் இடமாயின. பராமரிப்புச் செலவு ஏழைகளின் வாடகையிலிருந்தே வரவேண்டியிருந்ததால், வீடுகள் காலியாகக் காலியாகப் பணம் வற்றியது. பணம் வற்ற, மின்தூக்கிகளும் பழுதாகிக் கிடந்தன. 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். பழியில் பெரும்பங்கு கட்டடக்கலைஞர் மீது விழுந்தது. அது நியாயமல்ல என்பதே என் எண்ணம்.

அதே காலத்தில் நியூயோர்க்கில், ரேடியோ ரோ கடைத்தெருவை அப்புறப்படுத்திய இடத்தில், அவர் வடிவமைத்த உலக வர்த்தக மையத்தின் 110 மாடி இரட்டைக் கோபுரங்கள் உயர்ந்துகொண்டிருந்தன. அங்கும் உயர்மாடிகளுக்குச் செல்பவர்கள் விரைவு மின்தூக்கியில் 44ஆம் அல்லது 78ஆம் மாடிவரை போய், அங்கே இறங்கி வேறொன்றில் ஏறவேண்டியிருந்தது. ஆனால் அவற்றை ஓடவைக்க, கோபுரங்களைக் கட்டிய துறைமுக அதிகார சபையிடம் பணம் இருந்தது.

மழைக்காலத்தில் தகரத்தின் ஆணியோட்டைக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டு, தோட்ட நிர்வாகம் ஆள் அனுப்பும் வரை காத்திருந்த லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், வளர்ந்தவன் நான். கூரை எங்களுடையதல்ல என்பதால் நாங்களாகத் தொடத் தயங்கினோம். கட்டுவதற்கேற்ற நிலம் குறைவு என்பதால் தோட்டங்களிலும் மாடி வீடுகளே தீர்வு என்று சிலர் இப்போது வாதிடுகிறார்கள். உயரத்தை நான் எதிர்க்கவில்லை. மாடி வீடோ, ஏழு பேர்ச் அளவுக் காணியில் தனி வீடோ, காணி உறுதி குடியிருப்பவர் பெயரில் எழுதப்பட வேண்டும். கூரை, நீர்க்குழாய், பொதுப் படிக்கட்டு ஆகியவற்றின் பராமரிப்புக்கான நிதி, அத்திவாரம் வெட்டும் முன்பே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.