ஹைட்டி ஓவியமா? முதலில் திருப்பிப் பாருங்கள்

ஹைட்டியின் முன்னோடி ஓவியர்களின் படங்களை வாங்கும்போது கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். கையெழுத்துப் போடுவது ஐந்து நிமிட வேலை. எழுபது வருடம் பழுப்பேறிய அட்டையைப் போலியாகச் செய்வது அவ்வளவு சுலபமில்லை.

போர்ட்-ஓ-பிரின்ஸில் 1944இல் அமெரிக்க ஓவியர் டிவிட் பீட்டர்ஸ் உள்ளூர் ஓவியர்களுக்காகக் கலை மையத்தைத் திறந்த காலத்தில் பலரும் அட்டையிலும் மேசொனைட் எனும் அழுத்திய மரநார்ப் பலகையிலும்தான் வரைந்தார்கள். அவர்களில் ஒருவரான எக்டோர் இப்போலித் மேசை நாற்காலிக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டைக்கூட விடவில்லை. கோழி இறகாலும் விரலாலும் தீட்டினார். ஆக, 'அசல் எண்ணெய் ஓவியம்' என்று விற்பவர் சொன்னால், எதில், எதன் மேல் என்று கேளுங்கள்.

இப்போலித் 1948இல் இறந்துவிட்டார். ஓவியர்களுக்கான நீரில் கரையும் அக்ரிலிக் 1950களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. அவர் பெயரில் அக்ரிலிக் படம் வந்தால் பேரம் பேசவே வேண்டாம். ஆனால் அக்ரிலிக்கா என்று பஞ்சில் கரைப்பானைத் தொட்டு நீங்களே சோதிக்காதீர்கள், அது ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வல்லுநரின் வேலை.

உங்களால் முடிந்தது, இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும். கையெழுத்து மட்டும் அதன் மேல் கறுப்பாக மிதந்தால் பிறகு போட்டதாக இருக்கலாம். பழுதுபார்த்த இடமும் கறுப்பாகத்தான் தெரியும். அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். 1940களின் படம் என்கிறார்கள், துணியோ பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்கிறது என்றால், துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பிற்காலத்து வெளுப்பேற்றிகள் அதில் இருக்கலாம். படச் சட்டத்தின் பின்னால் ஒட்டிய தாளைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நேற்று மாற்றியதாகக்கூட இருக்கலாம்.

வடக்கு ஹைட்டியின் கேப்-ஹைசியன் நகரத்து ஓபின் ஓவியக் குடும்பம் தனிச் சிக்கல். ஃபிலோமே (1892–1986), தம்பி செனெக் (1893–1977), அடுத்த தலைமுறை என்று பலர் ஒரே பாணியில் வரைந்திருக்கிறார்கள். 'ஓபின்' என்று மட்டும் படித்துவிட்டு ஃபிலோமேவின் விலையைக் கொடுக்காதீர்கள், முதற்பெயரைப் படியுங்கள்.

2010 ஜனவரி நிலநடுக்கத்தில் ஹைட்டி ஓவியங்கள் நிறைந்த நாடர் அருங்காட்சியகம் இடிந்தது, கலை மையமும் சிதைந்தது. அந்த ஆண்டே சர்வதேச அருங்காட்சியகப் பேரவை ஹைட்டிக்கு அவசரச் சிவப்புப் பட்டியல், அதாவது திருடிக் கடத்தப்படும் ஆபத்தில் உள்ள கலைப்பொருள் வகைகளின் பட்டியல், வெளியிட்டது. அதனால் 2010க்கு முன் யாரிடம் இருந்தது என்பதற்கு ரசீது, கண்காட்சிச் சீட்டு, பழைய புகைப்படம் என ஏதாவது ஒன்று கேளுங்கள். 'தாத்தா கொண்டுவந்தது' என்பது ஆவணம் ஆகாது.

வாங்கியபின் எதிரி அட்டையிலேயே இருக்கும் அமிலம். அட்டை ஓரங்களில் நொறுங்கி, வளையும்போது பெயிண்டும் கூடவே உதிரும். நேராக்குகிறேன் என்று பிளைவுட்டில் ஒட்டிவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. அமிலமற்ற அட்டையைப் பின்னால் வையுங்கள். கண்ணாடி போட்டால் பெயிண்டுக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஈரப்பதம் 45–55 சதவீதம், வெளிச்சம் 200 லக்ஸுக்குள். கொக்கியைச் சட்டத்தில் திருகுங்கள், பலகையில் அல்ல. பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தால் படத்தை முகம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, யாரையும் துடைக்க விடாமல் வல்லுநரைக் கூப்பிடுங்கள்.