ராணியாவதா வேலைக்காரியாவதா: புழுவின் முதல் 3 நாட்கள்

இத்தாலியத் தேனீப் பெட்டியில் புது ராணி உருவாக்குபவர்கள் விடாமல் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: பொரித்து 24 மணி நேரம் தாண்டாத புழுவைத்தான் எடுக்க வேண்டும். இதற்கான காரணம் புழுவின் மரபணுக்கள் இயங்கும் விதத்தில் இருக்கிறது.

ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரியான கருவுற்ற முட்டையிலிருந்துதான் வருகின்றன. ராணிக்கென்று தனி மரபணு கிடையாது. ஆனாலும் ராணி 16 நாளில் வெளிவருகிறது, வேலைக்காரிக்கு 21 நாள் ஆகிறது. ராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் முட்டை உருவாகும் சூல்குழாய்கள் நூற்றுக்கும் மேல் இருக்கும். வேலைக்காரியின் குழாய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வித்தியாசம் ஊட்டுவதில் இருக்கிறது. செவிலித் தேனீக்கள் தம் தலையில் உள்ள சுரப்பிகளிலிருந்து தரும் கூழ் முதல் 3 நாட்கள் எல்லாப் புழுக்களுக்குமே கிடைக்கிறது. வேலைக்காரப் புழுவுக்குத் தருவதில் சர்க்கரை குறைவு. பிறகு அதற்குத் தேனும் மகரந்தமும் கலந்து போகும். ராணிப் புழுவோ கடைசிவரை சர்க்கரை அதிகமுள்ள கூழான அரசக்கூழிலேயே மிதக்கும்.

2008-ல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ரிஷார்ட் மலேஷ்காவின் குழு ஒரு சோதனை செய்தது. டி.என்.ஏ.வில் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதிக் குறிகளை ஒட்டும் டி.என்.எம்.டி.3 என்ற நொதியின் அளவைப் புதிதாகப் பொரித்த புழுக்களில் குறைத்தார்கள். உணவில் சலுகை எதுவும் காட்டவில்லை. வெளிவந்தவற்றில் 72 சதவீதம், சூலகம் முழுதாக வளர்ந்த ராணிகள்! உணவு செய்யும் வேலையின் ஒரு பகுதியை இந்த நொதியைக் குறைப்பதே செய்துவிட்டது. மெத்தில் ஒட்டினால் மரபணு அணைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வது தேனீக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அது பெரும்பாலும் மரபணுவின் உடற்பகுதியில், அதாவது அதன் உள்ளேதான் ஒட்டுகிறது. மெத்தில் மட்டுமே காரணமும் அல்ல. மகரந்தத்தில் உள்ள பி-கூமாரிக் அமிலமும் சூலக வளர்ச்சியைக் குறைக்கிறது என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. அரசக்கூழ் கிடைப்பது எவ்வளவு முக்கியமோ, மகரந்தம் வாயில் படாததும் அவ்வளவு முக்கியமாக இருக்கலாம்.

இனி பெட்டிக்கு வருவோம். நல்ல குடும்பத்தின் நடுவில் காலி அடை ஒன்றை வைத்து ராணியை முட்டையிட விடுங்கள். 3 நாளில் பொரிக்கும். 4-ஆம் நாள், முட்டையளவே இருக்கிற, லேசாக மட்டும் வளைந்த புழுவை எடுங்கள். அறையின் அடியில் முழு வட்டமாகச் சுருண்டிருந்தால் வயது கூடிவிட்டது. ஊசியை முதுகுப் பக்கமாக நுழைத்து, கூழோடு சேர்த்துத் தூக்கி, புரட்டாமல், ராணி அறைக்கு அடியாக வைக்கும் சிறு கிண்ணத்தில் இறக்குங்கள். புரண்டால் சுவாசத் துளைகள் கூழில் மூழ்கி, புழு செத்துவிடும். வெயிலும் காற்றும் நிமிடங்களில் உலர்த்திவிடும் என்பதால் ஈரத்துணி மூடியே வேலை செய்யுங்கள்.

இந்தக் கிண்ணங்களை வைத்து வளர்க்கும் பெட்டியில் ராணி இருக்கக் கூடாது. இளம் செவிலிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே மகரந்த அடை வேண்டும். மகரந்தம் இல்லாத செவிலிக்குக் கூழ் ஊறாது. சர்க்கரைப் பாகை எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் குறை தீராது. மறுநாள் கிண்ணத்தின் விளிம்பில் புது மெழுகும் அடியில் கூழும் தெரிந்தால் ஏற்றுக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். புழுவைக் கிண்ணத்தில் இறக்கியதிலிருந்து 10-ஆம் நாள் அறைகளைத் தனித்தனிப் பெட்டிகளுக்கு மாற்றுங்கள். தாமதித்தால் முதலில் வெளிவரும் ராணி மற்றவற்றைக் கொன்றுவிடும்.

பலர் ஏமாறுவது அவசர ராணிகளில்தான். ராணியை இழந்த குடும்பம் 2, 3 நாள் ஆன புழுவையும் ராணியாக வளர்க்கும். பார்வைக்கு ராணிதான். ஆனால் வேலைக்காரிக்கான பாதையில் ஏற்கெனவே சில அடிகள் போய்விட்ட உடல் அது: சூல்குழாய்கள் குறைவு, ஆண் தேனீக்களிடமிருந்து பெறும் விந்தைச் சேமிக்கும் விந்துப்பை சிறியது. அதனால் ராணி போன நாளிலிருந்து கணக்கு வையுங்கள். 3 நாளுக்குள் மூடப்பட்ட ராணி அறை இருந்தால் அது வயது கூடிய புழுவிலிருந்து வந்தது. தயங்காமல் அழித்துவிட்டு, பிந்தி மூடும் அறைகளை வைத்துக்கொள்ளுங்கள்.