தெர்மாஸ் குடுவையில் சென்ற இரத்தம்
1976இல் காங்கோவின் யம்புக்குவில் பரவிய, பின்னர் எபோலா எனப் பெயர்பெற்ற புதிய காய்ச்சல் இன்னதென்று அறிய, ஒரு நோயாளியின் இரத்தம் தெர்மாஸ் குடுவையில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்கு விமானமேற வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பனிக்கட்டி உருகி, ஒரு குப்பி உடைந்திருந்தது. அன்று கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் இரத்தம் எடுத்த காங்கோ மருத்துவர் ழான்-ஜாக் முயெம்பே, பின்னர் தலைநகர் கின்ஷாசாவின் தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்தெடுத்தார். 1995இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நோயெதிர்ப்பொருள், 2018-19இல் காங்கோ மண்ணிலேயே, முயெம்பேயும் தலைமையேற்ற ஆய்வில், உயிர்காக்கும் மருந்தென நிறுவப்பட்டது. இத்தகைய நிறுவனங்கள் ஒரே நாளில் முளைப்பதில்லை. கொள்ளைநோய் பரவும்போது கருவிகளை வாரி வழங்குபவர்கள், அது ஓய்ந்தபின் ஆய்வகப் பணியாளரின் சம்பளத்துக்கும் உறைபெட்டி இயங்கும் மின்சாரத்துக்கும் கேட்டால் கைவிரித்துவிடுகிறார்கள் என்பதே என் ஆற்றாமை.