கடைசிப் பிரசவம்: இழுத்தடிக்கும் முதல் பாதி, ஓடிவிடும் இரண்டாம் பாதி

இரண்டு பெற்றவளுக்கு மூன்றாவது தெரியாததா என்பார்கள். அந்தத் தெரிந்த நினைப்புதான் பல நேரம் காலை வாரிவிடும். முதல் பிரசவத்தின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், வண்டியிலேயே பிள்ளை பிறக்கவும் கூடும். கடைசிக் குழந்தையின்போது வலி தொடங்கும் விதமும், அது வேகம் பிடிக்கும் இடமும், பிறந்தபின் கருப்பை சுருங்கும் விதமும் முதல் தடவைபோல இருப்பதில்லை.

முதலில் சூட்டு வலி, அதாவது பிரசவம் தொடங்காமலே வந்து போகும் பொய் வலி. மூன்றாவது கர்ப்பத்தில் இது சீக்கிரமே தெரிய ஆரம்பிக்கும், அடிக்கடியும் வரும். சில நாள் சாயங்காலம் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை என்று ஒழுங்காக வந்து, தூங்கி எழுந்ததும் காணாமல் போயிருக்கும். இரண்டு மூன்று முறை ஏமாந்தவர்கள் உண்மையான வலியையும் நம்ப மறுப்பதுதான் இதில் ஆபத்து. வந்தால் சிறுநீர் கழித்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், இடது பக்கமாக ஒரு மணி நேரம் படுங்கள், அல்லது படுத்திருந்தவர் எழுந்து நடங்கள். சூட்டு வலி இதில் தளர்ந்துவிடும். பிரசவ வலி எதற்கும் அசையாது. இடுப்பில் தொடங்கி முன்வயிற்றைச் சுற்றிக்கொண்டு வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளும், வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது.

கடைசிச் செக்கப்பில் ‘தலை இன்னும் இறங்கவில்லை’ என்று சொன்னால் பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. முதல் குழந்தைக்குத் தலை சில வாரம் முன்பே இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். வயிற்றுத் தசை தளர்ந்தவர்களுக்கு வலி வந்த பிறகுதான் இறங்குவது சாதாரணம். அதேபோல ‘கருப்பை வாய் 2 செ.மீ. திறந்திருக்கு’ என்றால் இன்றைக்கே என்றும் அர்த்தமில்லை. அந்த அளவிலேயே இரண்டு வாரம் நடமாடுகிறவர்கள் உண்டு. முதல் பிரசவத்தில் கருப்பை வாய் பெரும்பாலும் மெலிந்த பிறகே திறக்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காததுபோலத் தெரிந்து, பிறகு திடீரென்று எல்லாம் நடப்பதற்கு இது ஒரு காரணம்.

வலியை எண்ணும்போது பலர் செய்யும் தப்பு, ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை அளப்பது. ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரைதான் இடைவெளி. ஆறேழு வலியைக் குறித்தாலே போக்கு தெரிந்துவிடும், அதற்கு மேல் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் என்று சொல்வார்களே, அது முதல் குழந்தைக்கான கணக்கு. இரண்டாவதிலிருந்து அதற்குக் காத்திருக்கக் கூடாது. 7, 8 நிமிட இடைவெளியில் வந்தாலும் ஒவ்வொன்றும் கூடிக்கொண்டே போனால் கிளம்பிவிடலாம். பெரிய பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கும் நேரத்தையும் பயண நேரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். போன பிரசவம் வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் முடிந்திருந்தால் அதைச் செக்கப்பின்போதே சொல்லி, எப்போது கிளம்பலாம் என்று முடிவு செய்து வைப்பது நல்லது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் வீட்டில் உட்கார்ந்து எண்ணவே கூடாது. பழைய தழும்பு விரிசல் விடும் வாய்ப்பு இருப்பதால் வலி தொடங்கியதுமே போய்விட வேண்டும்.

பனிக்குடம் உடைந்தால் மணியைக் குறியுங்கள், நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும். வலியே இல்லாமல் நீர் கசிந்தாலும் போகத்தான் வேண்டும், நேரம் ஆக ஆகத் தொற்றுக்கு வழி திறக்கிறது. தலை இறங்காத நிலையில் நீர் குபுக்கென்று வந்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவி வர இடமுண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கு. கொடி கையில் பட்டாலோ கண்ணில் தெரிந்தாலோ அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ வேண்டாம். முட்டி போட்டு, மார்பைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பைத் தூக்கிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். ரத்தக் கீற்றோடு சளி வருவது இயல்பு. மாதவிலக்குபோலச் சிவப்பாகப் போவதும், குழந்தையின் அசைவு குறைவதும் இயல்பு அல்ல.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் இது எத்தனையாவது பிரசவம், முந்தையவை எவ்வளவு நேரத்தில் முடிந்தன, அப்போது ரத்தப்போக்கு அதிகமானதா, நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையெல்லாம் யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் எபிடியூரல் வேண்டுமென்றால் வாசலிலேயே கேட்க வேண்டும். டிரிப் போட்டு, மயக்க மருத்துவர் வந்து, ஊசி போட்ட பிறகும் வலி அடங்க 20 நிமிடம் போல ஆகும். கடைசிக் குழந்தை அதற்குள் பிறந்துவிடுவது உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் தந்த வழிகாட்டுதலில், பிரசவத்தின் தீவிரக் கட்டம் 5 செ.மீ. திறப்பிலிருந்து தொடங்குவதாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து முதல் பிரசவம் பொதுவாக 12 மணி நேரத்தையும் அடுத்தடுத்தவை 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 4 செ.மீ.யில் மூன்று மணி நேரம் நின்றால் மனம் தளர வேண்டாம். 6ஐத் தாண்டிவிட்டால் வேகம் தானாக வரும். இடையில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழியுங்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்கும் வழியை அடைக்கும்.

திடீரென்று உடம்பு நடுங்கும், வாந்தி வரும், வியர்க்கும். ‘என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடுங்க’ என்று வாய் தானாகச் சொல்லும். அந்த வார்த்தை வந்தாலே முக்கால்வாசி முடிந்தது. கூடவே மலம் வருவதுபோன்ற அழுத்தம் இருந்தால் கழிவறைக்குப் போகாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் பிரசவத்தில் இதற்குப் பிறகு மணிக்கணக்கில் முக்க வேண்டியிருந்திருக்கலாம், இப்போது நாலைந்து முக்கலிலேயே தலை தெரிந்துவிடக் கூடும். தலை பிதுங்கும்போது எரியும். அங்கேதான் முக்குவதை நிறுத்தி, வாயைத் திறந்து ‘ஹா, ஹா’ என்று மூச்சுவிட வேண்டும். ஒரு பக்கமாகப் படுத்தால் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். வெதுவெதுப்பான துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடித்தால் பெரிய கிழிசல் ஏற்படுவது குறையும். போன தடவை வெட்டித் தைத்தார்கள் என்பதற்காக இந்தத் தடவையும் வெட்டியாக வேண்டும் என்றில்லை.

வழியிலேயே பிறந்துவிடும்போலிருந்தால் காலைச் சேர்த்து அடக்கப் பார்க்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி உதவிக்கு ஆம்புலன்ஸை அழையுங்கள். பிறந்த குழந்தையைத் துணியால் நன்றாகத் துடைத்து, அம்மாவின் வெற்று மார்பில் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள்கொடியை வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

குழந்தை வந்ததும் எல்லார் கண்ணும் அதன் மேல் போய்விடும். கடைசிப் பிரசவத்தில் அம்மாவைக் கவனிக்க வேண்டிய நேரமே அதுதான். பலமுறை விரிந்த கருப்பை இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் நிற்காது. அதனால்தான் பிறந்ததும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். கொடியைக் குறைந்தது 1 நிமிடம் கழித்து வெட்டச் சொல்லலாம், குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் போய்ச் சேரும். நஞ்சுக்கொடி 30 நிமிடத்துக்குள் வராவிட்டால் எடுக்க ஏற்பாடு செய்வார்கள். நர்ஸ் வந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பது வலிக்கும், தடுக்காதீர்கள். கருப்பை பந்துபோலக் கெட்டியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் பேடு முழுக்க நனைந்தாலும், முட்டை அளவுக்கு ரத்தக்கட்டி வந்தாலும், கண் இருட்டினாலும் உடனே சொல்லுங்கள். 5க்கு மேல் பெற்றவர்களுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இது இரட்டைக் கவலை. கர்ப்ப காலத்திலேயே ஹீமோகுளோபினை ஏற்றி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, பிறகு வரும் வயிற்று வலி. முதல் குழந்தைக்குத் தெரியாமலே போயிருக்கும். மூன்றாவதுக்கு அது நன்றாகவே தெரியும். குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் உச்சத்துக்குப் போகும், உறிஞ்சும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் கருப்பையையும் சுருக்குகிறது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பால் கொடுக்கும் முன் சிறுநீர் கழியுங்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். நாள் ஆக ஆக வலி கூடினாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ சேர்ந்தாலோ அது வேறு விஷயம், தொற்றாக இருக்கலாம்.

இதோடு போதும் என்று முடிவெடுத்திருந்தால், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கான ஒப்புதலை வலி வருவதற்கு முன்பே, நிதானமான மனநிலையில் கொடுத்துவிட வேண்டும். பிரசவமாகி 7 நாளுக்குள் செய்யலாம், இல்லையென்றால் 6 வாரம் பொறுக்க வேண்டும். முதல் சில நாளில் கருப்பை தொப்புள் உயரத்தில் இருப்பதால் அதற்குக் கீழே சின்ன வெட்டிலேயே கருக்குழாய் எட்டிவிடும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மனதில் சின்ன சந்தேகம் என்றால் தள்ளிப்போடுங்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி என்றால் 48 மணி நேரத்துக்குள் வைத்துவிடலாம். கணவருக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனான வாசெக்டமி இன்னும் எளிது. ஆனால் 3 மாதம் கழித்துப் பரிசோதித்து விந்தணு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு தேவை.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய பிள்ளை தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். ஆறு வாரம்வரை, பிறந்த குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காமல் இருப்பது நல்லது. நீங்கள் கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள், அது தானே மடியில் ஏறிக்கொள்ளும்.