கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் துப்பாக்கி வாங்கும்போது குண்டின் அளவைத்தான் பார்க்கிறார்கள், நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், 30 மீட்டர் தள்ளிப் புதருக்குள்ளிருந்து கிளம்பினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நொடி, அதற்குள் எடுத்துக் குறிபார்த்துச் சுட வேண்டும்.

12 கேஜ் ஷாட்கன் என்ற நீளத் துப்பாக்கியில் ஸ்லக் தோட்டா, அதாவது ஒரே பெரிய குண்டு, போட்டால் வலு அதிகம்தான். ஆனால் தூண்டிலோடு ஆற்றில் இறங்குகிறவர் அதைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவார்! அதனால்தான் பலர் கைத்துப்பாக்கியை, அதாவது .44 மேக்னம் ரிவால்வரையோ 10 எம்.எம். பிஸ்டலையோ, நெஞ்சோடு கட்டிக்கொள்கிறார்கள். .44இன் உதை சும்மா இல்லை, பழகாத கையில் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் முதலில் கரடி ஸ்ப்ரே, அதாவது கரடி முகத்தில் பீய்ச்சும் மிளகாய்க் காரம். அலாஸ்கா சம்பவங்களை வைத்து 2008இல் வந்த ஆய்வில் அது பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதம் பலித்தது. 2012 ஆய்வில் கைத்துப்பாக்கிக்கு 84, நீளத் துப்பாக்கிக்கு 76. (சரி, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான்.) ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தற்காப்புக்குச் சுட்டாலும் கரடி உங்களுக்கில்லை. தோலை நகத்தோடு உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து மாநில அரசிடம் நீங்களே ஒப்படைக்க வேண்டும்.