முதல் 60 குர்த்தியும் நான் நனைக்காத துணியும்

குர்த்தி தைத்து விற்கலாம் என்று இறங்கியதும் முதல் செலவு லோகோவுக்கு. இரண்டாவது, அந்த லோகோ அச்சடித்த 500 கவர். துணி வாங்கியது அதற்கப்புறம்தான், அதுவும் அவசர அவசரமாக.

வீடு சேலம் அம்மாபேட்டை. சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், துணியைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. தெரிந்த தறிக்காரரிடம் மீட்டர் 110 ரூபாய்க்குக் காட்டன் எடுத்தேன், குர்த்திக்கு இரண்டரை மீட்டர் கணக்கில் 150 மீட்டர். கட்டிங் மாஸ்டர் துணியைக் கையில் எடுத்ததுமே, "ஏம்மா, தண்ணியில போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். பொங்கலுக்கு முன்னால் விற்றாக வேண்டும், அதனால் "அதெல்லாம் பாத்தாச்சுண்ணா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

60 உருப்படி. பத்து நாளில் 19 போனது, தலைகால் புரியவில்லை. அப்புறம் நாமக்கல்லிலிருந்து ஒரு டீச்சரம்மா போன் செய்தார். திட்டவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. "கண்ணு, ஒருதடவை துவைச்சேன், இப்ப என் பொண்ணுக்குச் சரியா இருக்கு" என்றார்.

அன்றைக்கு ராத்திரிதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மிச்சத் துணியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி, நிழலில் காயவைத்து அளந்தேன். நீளவாக்கில் 94 சென்டிமீட்டர், அகலவாக்கில் 97. பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் போட்ட கஞ்சி தண்ணீரில் இறங்கிவிடும், தறியில் இழுத்துக் கட்டியிருந்த நூலும் தளர்ந்து தன் நீளத்துக்கே திரும்பிவிடும், அதனால்தான் நீளத்தில் அதிகமாகச் சுருங்குகிறது. 46 அங்குலக் குர்த்தியில் கிட்டத்தட்ட 3 அங்குலம் காலி. மார்பளவில் ஓர் அங்குலத்துக்கு மேல். இப்போது எந்தத் துணி வந்தாலும், ஏற்கனவே வாங்கிய அதே ரகமாகவே இருந்தாலும், சதுரம் வெட்டி நனைக்காமல் மாஸ்டரிடம் கொடுப்பதில்லை. ஒரு சாம்பிளைத் தைத்து நானே நாலைந்து முறை போட்டுத் துவைத்த பிறகுதான் மற்றது.

விலையிலும் சறுக்கினேன். துணி 275, தையல் கூலி 140, கட்டிங் 20, பட்டன் நூல் லேபிள் 25, கவர் 20, ஆக 480. 650க்கு விற்றால் 170 லாபம் என்று சந்தோஷப்பட்டேன். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 10 உருப்படி விற்றுத் தரக் கேட்டேன், கோடை விழாக் கூட்டம் இருக்கிறதே என்று. விற்றால் 30 சதவீதம் அவர்களுக்கு. சரி என்று தலையாட்டிவிட்டு மலையிறங்கும் பஸ்ஸில் கணக்குப் போட்டால், 195 போக எனக்கு 455. ஒவ்வொரு குர்த்திக்கும் 25 ரூபாய் கைக்காசு. கடைக்காரர் கேட்டதில் தப்பே இல்லை, வாடகை கொடுப்பது அவர். இதில் நான் அலைந்த அலைச்சலுக்குக் கூலியே சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெயர் விஷயம் தனிக் கூத்து. ஆசை ஆசையாக ஊர்ப் பெயரை வைத்து டிரேட்மார்க்குக்குப் போட்டேன். உடைகளுக்கு 25ஆம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் போட்டால் 4,500 ரூபாய். ஊர்ப் பெயரையும் பொருளைச் சொல்லும் வார்த்தையையும் மட்டும் வைத்தால் ஒருவருக்கே உரிமையாகக் கொடுப்பது கடினம், ஆட்சேபம் வந்தது. அச்சடித்த 500 கவரை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது தடவை, அர்த்தமே இல்லாமல் நானாகக் கோத்த ஒரு பெயர். ஏற்றுக்கொண்டாலும் டிரேட்மார்க் இதழில் வெளியிட்டு நான்கு மாதம் யாராவது எதிர்க்கிறார்களா என்று பார்ப்பார்கள். அதுவரை டி.எம். என்று போடலாம், பதிவான பெயர் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

சிறுதொழில்களுக்கான அரசின் உதயம் பதிவுக்கு ஒரு ஏஜெண்டிடம் 2,500 அழுதேன். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் வைத்து உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை. ஜி.எஸ்.டி. பதிவுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் விற்பனை வரை கவலையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும்வரை சரி. பெங்களூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தபோதுதான், வெளிமாநிலத்துக்குப் போனால் அந்த வரம்பு நமக்கு உதவாது என்று ஆடிட்டர் சொல்லித் தெரிந்தது, பதிவு செய்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு 5 சதவீத வரி, அதற்கு மேல் போனால் 18. என் சரக்கு அந்த உயரத்துக்குப் போகவில்லை.

மிச்சம் 41 என்ன ஆனது என்றால், ஏற்காட்டிலிருந்ததையும் திருப்பி எடுத்து வந்து அத்தனையையும் மொட்டைமாடியில் நனைத்துக் காயவைத்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றாக அளந்து, எல் லேபிளைப் பிரித்து எம், எம்மைப் பிரித்து எஸ் என்று மாற்றித் தைத்து, "துவைத்து அளந்தது" என்று எழுதி 550க்குக் கொடுத்தேன். 34 போனது. டீச்சரம்மாவுக்குப் புதுசு ஒன்று அனுப்பினேன், பழையதை அவர் பெண்ணே வைத்துக்கொண்டாள். மீதி ஏழு பீரோவில். அந்தக் கவர் 400க்கு மேல் இன்னும் இருக்கிறது, அம்மா அதில்தான் வற்றல் கட்டி வைக்கிறார்.